ஈயத்தாதின் ஐந்தொகை

தமிழர் ஈயத்தைக் காரீயம், வெள்ளீயம் என இருவகைப்படுத்தி வழங்கினர். இரசாயனவியல் நோக்கில் இவ்விரண்டும் வெவ்வேறு மூலகங்களேயாயினும், எளிதில் உருகும் இயல்பு பற்றி ஒரே பெயரின்கீழ் எண்ணப்பட்டன போலும். இவற்றுள் காரீயமே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும். செம்பு உருகுதற்கு 1,085 பாகை செல்சியசும், இரும்பு உருகுதற்கு 1,538 பாகையும் வேண்டப்பட, ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடுகின்றது. விறகடுப்பின் வெப்பமே அதற்குப் போதியது. அதன் தாதும் பிற தாதுகளைப்போல் உலோகத்தை இறுகப் பற்றி நிற்பதன்று. மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கைக்கொண்ட உலோகங்களுள் ஈயமும் ஒன்றாயமைக்குக் காரணம் இதுவே.

இத்துணை எளிதிற் பிரியும் உலோகத்தின் உற்பத்தி இலாபம் தரும் எளிய தொழிலாகவும் இருத்தல் வேண்டுமென எண்ணுதல் இயல்பு. ஆயின், வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. ஈயத்தொழிலின் இலாபநட்டத்தை ஈயத்தின் விலை மாத்திரம் தீர்மானித்ததில்லை. ஈயத்துடன் கூடவரும் வெள்ளியும் நாகமும், அதனைவிட்டு நீங்கும் கந்தகமும் புகையும் கசடும், தாதையும் கற்கரியையும் ஏற்றியிறக்கும் கூலியும் ஆகிய இவையே பெரும்பாலும் அதனைத் தீர்மானித்தன. ஒரு காலத்தில் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டது மற்றொரு காலத்தில் வரவுப் பக்கத்துக்கு மாறியது. எப்பக்கத்திலும் எழுதப்படாது விடப்பட்ட தொகையும் ஒன்றுண்டு. இவ்வுண்மையை விளக்குதற்கு அவுஸ்திரேலியாவின் புறோக்கன் ஹில் சுரங்கத்தினும், அதன் தாதை உருக்கும் போட் பிரி துறைமுகத்தினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது. அவற்றின் வரலாற்றை நோக்குமுன், தாதும் உலையும் இயங்கும் முறையினைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும்.

கலேனாவும் உலையும்

ஈயத்தாதுகளுள் தலையாயது கலேனா எனப்படுவது. இஃது ஈயமும் கந்தகமும் கூடிய ஈயசல்பைட்டாகும். கருஞ்சாம்பல் நிறமும் உலோகப் பளபளப்பும் வாய்ந்தது. உடைத்தாற் சிறுசிறு சதுரக் கட்டிகளாகப் பிளப்பது. நீரினும் ஏறக்குறைய ஏழரை மடங்கு அடர்த்தியுடையதாதலின், கையிலெடுத்த அளவிலே அதன் பாரமே அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். தூய கலேனாவில் நூற்றுக்கு 86.6 பங்கு ஈயமாகும். நிலத்தின் மேற்படைகளிலே காற்றும் மழைநீரும் நெடுங்காலந் தாக்கியமையால், கலேனா ஈயக்காபனேற்றாகவும் ஈயசல்பேற்றாகவும் மாறியிருத்தலும் உண்டு.

கலேனாவிலிருந்து ஈயத்தைப் பெறுதற்கு இருவழிகள் உள. முதலாவது பழைய வழி. தாதைக் காற்றுப்பட வறுக்கும்போது அதன் ஒரு பகுதி ஈயவோரொட்சைட்டாக மாறும். அப்போது காற்றைக் குறைத்து வெப்பத்தை உயர்த்தினால், அவ்வொட்சைட்டு எஞ்சியிருக்கும் சல்பைட்டுடன் தாக்கமுற்று ஈயத்தை விடுவிக்கும். கந்தகம் கந்தகவீரொட்சைட்டு வாயுவாக வெளியேறும். தாதின் ஒரு பாகமே மறுபாகத்தைத் தாழ்த்துவதாதலின், எரிபொருள் வெப்பந் தருதற்கு மாத்திரமே தேவைப்படும். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதிதொட்டு வழங்கிய தெறிப்புலை இம்முறையில் இயங்கியது. அவ்வுலையில் நிலக்கரி ஓர் அறையிலும் தாது மற்றோர் அறையிலும் இருக்கும். தீச்சுவாலை வளைந்த கூரையிற்பட்டுத் தாதின்மீது தாழும். ஆயின், இம்முறை செழுமையும் தூய்மையும் மிக்க தாதுக்கே பொருந்துவது. தாதிலே மணற்கல் மிகுந்திருப்பின், அஃது ஈயவொட்சைட்டுடன் கூடிச் சிலிக்கேற்றாகி, ஈயத்தைக் கசடுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

இரண்டாவது வழி ஊதுலை வழியாகும். இதில் தாது முழுவதும் முன்னரே வறுக்கப்பட்டு ஒட்சைட்டாக்கப்படும். பின்னர் அது கற்கரி, சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது ஆகியவற்றுடன் நெடிய உலையில் மேலிருந்து இடப்படும். கீழிருந்து காற்று ஊதப்படும். கற்கரி எரிந்து தரும் காபனோரொட்சைட்டு, ஈயவொட்சைட்டிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, உருகிய ஈயம் உலையின் அடியிலே திரளும். சுண்ணாம்பும் இரும்பும் மணற்கல்லைப் பிணைத்து இளகிய கசடாக்கும்; இலேசான அக்கசடு ஈயத்தின்மேல் மிதந்து வேறாக வடியும். நுண்ணிய தூளாக உள்ள தாதை ஊதுலையிலிட்டால் காற்று அதனை வெளியே வாரியெறிந்துவிடும். ஆதலின், வறுக்கும்போதே அதனைத் துளைகள் நிறைந்த கட்டியாகச் சேர்த்துக்கொள்ளும் முறை 1890களில் தோன்றியது. 1906ஆம் ஆண்டளவில் நகரும் இரும்புத் தட்டின்மேல் அதனை இடையறாது செய்யும் இயந்திரமும் வந்தது. இதன் பின்னர் ஏழைத் தாதும் கலப்புத் தாதும் உலையேறும் தகுதி பெற்றன.

உலையிலிருந்து வரும் ஈயம் தூயதன்று. அதனை ஆறவிட்டாற் செம்பு முதலில் மேலே படியும். மீண்டும் உருக்கிக் காற்றுப்படச் செய்தால், ஆசனிக்கும் அந்திமனியும் ஒட்சைட்டுக்களாகிப் பிரியும். இறுதியில் எஞ்சி நிற்பது வெள்ளி. இந்த வெள்ளியே ஈயத்தொழிலின் பொருளாதாரத்தைப் பன்னெடுங்காலம் தாங்கி நின்றது.

வெள்ளி தாங்கிய தொழில்

கலேனாவில் வெள்ளி சிறிதளவாயினும் கலந்திருத்தல் பெருவழக்கு. கி.மு. 483ஆம் ஆண்டளவில் ஏதென்சு நகரத்தார்க்கு உரிய இலோரியன் சுரங்கங்களிற் செழுமையான தாது வெளிப்பட்டது. அவ்வருவாயைக் குடிகளுக்குப் பங்கிடாது கப்பற்படை கட்டச் செலவிடுமாறு தெமிசுத்தோக்கிளிசு இணங்கச்செய்தான்; அக்கப்பல்களே கி.மு. 480இல் சலாமிசுக் கடற்போரிற் பாரசீகரை வென்றன. அத்தாது ஈயத்தாதேயாயினும், ஏதென்சைக் காத்தது அதனுள்ளிருந்த வெள்ளியாகும்.

ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தற்குப் பண்டையோர் கையாண்ட முறை புடமிடலாகும். எலும்புச் சாம்பலாற் செய்த ஆழமற்ற தட்டில் ஈயத்தை உருக்கிக் காற்றூதினால், ஈயம் முழுவதும் ஒட்சைட்டாகி வழிந்தும் தட்டில் ஊறியும் நீங்கும். ஒட்சியேற்றமடையாத வெள்ளி ஒளிரும் மணியாக எஞ்சும். இதன் குறை யாதெனின், சிறிதளவு வெள்ளியைப் பெறுதற்காக ஈயம் முழுவதையும் ஒட்சைட்டாக்கி, அதனை மீண்டும் உலையிலிட்டு ஈயமாக்கல் வேண்டும். எரிபொருளும் கூலியும் இருமடங்காகும். ஈயத்தில் ஒரு பங்கு புகையாய்ப் போகும். எனவே, தொன்னுக்கு ஏறக்குறைய 8 அவுன்சுக்குக் குறைந்த வெள்ளியுடைய ஈயத்தைப் புடமிடுதல் நட்டமாகவே முடிந்தது.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தினரான ஹியூ லீ பற்றின்சன். உருகிய ஈயம் மெல்ல ஆறும்போது முதலில் தோன்றும் பளிங்குகளில் வெள்ளி குறைவாகவும், எஞ்சிய திரவத்தில் மிகுதியாகவும் இருத்தலை அவர் கண்டார். துளையிட்ட அகப்பையாற் பளிங்குகளை அள்ளி அடுத்த கொப்பரைக்கு மாற்றி, இதனைப் பலமுறை செய்யின், வெள்ளி முழுவதும் சிறிதளவு ஈயத்திற் செறியும். அதனை மாத்திரம் புடமிட்டாற் போதும். 1833இல் அவர் இதற்கு உரிமம் பெற்றார். தொன்னுக்கு 3 அவுன்சளவு வெள்ளியுடைய ஈயமும் அதன்பின் இலாபந் தந்தது. 1850இல் அலெக்சாந்தர் பாக்ஸ் என்பவர் இதனினும் மலிவான வழியைக் காட்டினார். உருகிய ஈயத்தில் நாகத்தைக் கலக்கினால், வெள்ளி ஈயத்தைவிட்டு நாகத்தோடு சேர்ந்து மேலே ஆடையாகப் படியும். நாகம் 907 பாகையிற் கொதித்து ஆவியாகும் இயல்பினதாதலின், ஆடையை வடித்தால் நாகத்தை மீளப் பெறலாம். இவ்விரு மாற்றங்களாலும் நிலத்தடித் தாது ஓர் அணுவேனும் பெருகவில்லை; ஆயினும், முன்னர்ப் பயனற்றதெனத் தள்ளப்பட்ட வெள்ளி செல்வமாயிற்று. தாது எனப்படுவது மண்ணின் இயல்பால் மாத்திரம் வகுக்கப்படுவதன்று, கணக்கின் முடிவாலும் வகுக்கப்படுவது என்பது இதனாற் பெறப்படும்.

முறிந்த குன்று

1883ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், நியூ சவுத் வேல்சின் மேற்கெல்லையிலுள்ள வறண்ட நிலத்திலே, மவுண்ட் கிப்ஸ் ஆட்டுப்பண்ணையின் வேலிக் காவலரான சாள்ஸ் ராஸ்ப் என்பவர், முறிந்த குன்று எனப் பொருள்படும் பெயரையுடைய கரடொன்றிற் கருநிறப் பாறைகளைக் கண்டார். அவர் அதனை வெள்ளீயத் தாதெனக் கருதினார். பண்ணை முகாமையாளர் உட்பட எழுவர் கூடி, ஆளுக்கு 70 பவுண் இட்டுக் கூட்டமைத்தனர். முதற் சோதனைகள் ஊக்கந் தரவில்லை: வெள்ளீயம் இல்லை, காரீயமும் சிறிது வெள்ளியுமே இருந்தன. சிலர் தம் பங்கை விற்றுவிட்டனர். ஆழத் தோண்டியபோதோ செறிந்த வெள்ளிக்குளோரைட்டு வெளிப்பட்டது. 1885இல் புறோக்கன் ஹில் உரிமையாளர் கம்பனி நிறுவப்பட்டது, பீ.எச்.பீ. என இன்று உலகறிந்த நிறுவனம் அதுவே.

தொடக்கத்திற் சுரங்கத்தின் வாயிலிலேயே ஊதுலைகள் அமைக்கப்பட்டன. மேற்படைத் தாது காபனேற்றாகவும் குளோரைட்டாகவும் இருந்தமையால் வறுக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆயின், அவ்வூரில் நீரில்லை, நிலக்கரியில்லை, இருந்த மரங்களும் விரைவில் வெட்டித் தீர்ந்தன. கற்கரி கடல்வழியாகவும் பின்னர் இருப்புப்பாதை வழியாகவும் வந்து சேரவேண்டியிருந்தது. ஊர் நடுவே எழுந்த ஈயப்புகையால் நோய் பரவியமையால், 1892இல் நியூ சவுத் வேல்சு அரசாங்கம் ஈயநஞ்சைப் பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது.

உலை எங்கே அமைதல் வேண்டும்?

இவ்விடத்திற் பொருளாதாரத்தின் முதல் வினா எழுகின்றது: தாது உலையைத் தேடிச் செல்லல் வேண்டுமா, உலை தாதைத் தேடி வரல் வேண்டுமா? இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நூற்றுக்கு 15 பங்கு ஈயமுடைய 100 தொன் தாதை எடுத்துக்கொள்க. அதிலுள்ள ஈயம் 15 தொன். அதனைச் சுரங்கத்தருகே இடித்து, நீரிற் கழுவிச் செறிவாக்கி, ஈயத்தில் நூற்றுக்கு 90 பங்கை மீட்டால் 13½ தொன் கிடைக்கும். செறிதாதில் நூற்றுக்கு 70 பங்கு ஈயம் இருப்பின், அதன் மொத்த நிறை ஏறக்குறைய 19 தொன் ஆகும். எனவே, 100 தொன்னுக்குப் பதிலாக 19 தொன்னை ஏற்றினாற் போதும். 81 தொன் வெறுங்கல் அங்கேயே நின்றுவிடும். செறிவாக்கும் கலை வளருமுன் உலையைச் சுரங்கத்தருகே வைத்தல் பொருந்தும். அது வளர்ந்தபின், கற்கரியும் இளக்கிகளும் மலிவாக வந்திறங்கும் கடற்கரையே உலைக்கு உகந்த இடமாகும்.

புறோக்கன் ஹில்லுக்கு அணித்தான துறைமுகம் அதன் சொந்த மாநிலத்தின் தலைநகரான சிட்னி அன்று. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவில், தென் அவுஸ்திரேலியாவின் ஸ்பென்சர் குடாவிலுள்ள போட் பிரி ஆகும். மாநில எல்லையையும் சுரங்கத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை 1888இல் ஒரு தனியார் கம்பனியாற் போடப்பட்டது. சிட்னியிலிருந்து வந்த பாதையோ 1927இலேயே முழுமை பெற்றது. 1890களின் இறுதிக்குள் பீ.எச்.பீ. கம்பனி தன் உருக்கு வேலை முழுவதையும் போட் பிரிக்கு மாற்றியது. கசடை இளக்குதற்கு இரும்புத்தாது தேவைப்பட, குடாவின் எதிர்க்கரையிலுள்ள அயன் நொப் என்னும் குன்றைக் கம்பனி குத்தகைக்கு எடுத்தது. ஈய உலைக்கு இளக்கியாக வெட்டப்பட்ட அவ்விரும்புத்தாதே, பின்னர் 1915இல் நியூகாசில் நகரில் தொடங்கப்பட்ட உருக்குத் தொழிற்சாலைக்கு அடிப்படையாயிற்று. துணைப்பொருள் தலைமைப்பொருளை விஞ்சுதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கழிவுக் குன்றின் புதையல்

மேற்படைத் தாது தீர்ந்ததும் ஆழத்திலுள்ள சல்பைட்டுத் தாது வெளிப்பட்டது. அதிற் கலேனாவும் நாகசல்பைட்டும் நுண்மணிகளாகப் பின்னிக் கிடந்தன. கலேனா மிகப் பாரமானதாதலின் நீரிற் கழுவும்போது அதன் பெரும்பகுதியைப் பிரிக்க முடிந்தது. நாகசல்பைட்டின் அடர்த்தியோ உடனிருந்த மங்கனீசுக் கற்களின் அடர்த்தியை ஏறக்குறைய ஒத்திருந்தமையால், கழுவுதல் பயன்படவில்லை. ஈயச் செறிதாதோடு ஒட்டிச்சென்ற நாகமும் தொல்லையே தந்தது; ஊதுலையில் அது கசடைக் கெட்டியாக்கி எரிபொருளை விழுங்கிற்று. அதனால் உருக்காலைகள் நாகம் மிகுந்த தாதுக்கு விலையைக் குறைத்தன. எஞ்சிய நாகம் சுரங்கத்தருகே கழிவாகக் கொட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கழிவு ஏறக்குறைய 60 இலட்சம் தொன் குன்றாக உயர்ந்து நின்றது.

அக்குன்றைத் திறக்கும் திறவுகோல் மதுவடிக்கும் தொழிலறிந்தோர் கையிலிருந்து வந்தமை வியப்பிற்குரியது. மெல்பேர்ணைச் சேர்ந்த சாள்ஸ் பொற்றர் என்பவர் மதுவடிப்போர். நுண்தூளாக்கிய கழிவைச் சூடான ஐதான சல்பூரிக்கமிலத்திலிட்டால், எழும் வாயுக்குமிழிகள் சல்பைட்டு மணிகளை மாத்திரம் பற்றி மேலே கொணர்தலை அவர் கண்டு, உரிமம் பெற்றார். பீ.எச்.பீ. கம்பனியின் முகாமையாளரான டெல்பிரற் என்பவரும் அதே காலத்தில் ஒத்த முறையொன்றை வகுத்தார். மதுவடிப்புத் துறை இரசாயனரான டி பவே என்பவரும் தனி வழி கண்டார். எண்ணெய் சிறிது சேர்த்துக் காற்றால் நுரைக்கச் செய்யும் முறை 1905ஐ ஒட்டி உருவாயிற்று. பாரமான உலோக மணி நீரில் மிதக்க, இலேசான கல் அமிழ்கின்றது; இயற்கைக்கு மாறுபட்டதுபோலத் தோன்றும் இது, எண்ணெய் பூசிய மணி நீரில் நனையாது குமிழியைப் பற்றிக்கொள்வதால் நிகழ்வதாகும். 1912இல் கலேனாவை முதலில் மிதக்கவிட்டு நாகத்தைப் பின்னர் மிதக்கவிடும் வகையில் இரண்டையும் வேறாக்கவும் வழி பிறந்தது.

இதன் விளைவு யாது? தண்டத்துக்குரியதாக இருந்த நாகம் விலைபெறும் பண்டமாயிற்று. கழிவுக் குன்றுகளை வாங்கிப் பதப்படுத்துதற்கென்றே 1905இல் நாகக் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியான ஹேபேட் ஹூவர் அதன் தோற்றத்திற் பங்குகொண்ட பொறியியலாளருள் ஒருவர். புறோக்கன் ஹில்லிற் பிறந்த இந்நுரைமிதப்பு முறை உலகெங்கும் செம்பு முதலிய பிற தாதுகளுக்கும் பரவிற்று.

போரும் கூலியும்

முதலாம் உலகப் போருக்கு முன்னர், இந்நாகச் செறிதாதின் பெரும்பகுதி சேர்மனிக்கும் பெல்சியத்துக்கும் சென்றது. சேர்மானிய உலோக வணிகர் அதனை நீண்டகால ஒப்பந்தங்களாற் கட்டியிருந்தனர். 1914இற் போர் மூண்டதும் தாது துறைமுகத்திலே தேங்கிற்று; தாதை வைத்திருப்பதும் உலோகத்தை வைத்திருப்பதும் ஒன்றன்று என்பதை அவுஸ்திரேலியர் அப்போது உணர்ந்தனர். 1915இல் சுரங்கக் கம்பனிகள் ஒன்றுகூடிப் போட் பிரி உருக்காலையைத் தம்முடைமையாக்கின. தஸ்மேனியாவின் ரிஸ்டனில், நீர்வலுவாற் பெற்ற மின்சாரத்தைக்கொண்டு நாகம் பிரிக்கும் ஆலையும் எழுந்தது. போட் பிரி உலகின் மிகப் பெரிய ஈய உருக்காலைகளுள் ஒன்றாயிற்று. செறிதாதை விற்கும் சுரங்கத்தார் இன்றும் அதிலுள்ள ஈயத்தில் நூற்றுக்கு 95 பங்களவுக்கே விலை பெறுகின்றனர். அவ்விலையிலும் உருக்குக்கூலி கழிக்கப்படும். ஆசனிக்கு, பிசுமது போன்றவை மிகின் தண்டமும் உண்டு. சுரங்கமும் உலையும் வெவ்வேறு கையிலிருப்பின், இடையிலுள்ள இவ்விலாபம் கைமாறிவிடும்.

தொழிலாளர் கூலியும் இக்கணக்கின் ஒரு வரியே. ஈயவிலை வீழ்ந்தபோது பீ.எச்.பீ. கம்பனி கூலியைக் குறைக்க முனைய, 1909இற் பெரும் பிணக்கு மூண்டது. அதனை விசாரித்த நீதியரசர் ஹிகின்ஸ், வாழ்வதற்கு வேண்டிய குறைந்த கூலி கம்பனியின் இலாபத்தைப் பொறுத்து ஏறியிறங்கத் தக்கதன்று எனத் தீர்ப்பளித்தார். 1919-20ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 18 மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின் பயனாக, சுரங்கத்துள் வேலைசெய்வோர்க்கு வாரத்துக்கு 35 மணி வேலை என்னும் உரிமை கிடைத்தது. கூலிக்கு எல்லைக்கோடு வகுக்கப்பட்டதாயினும், உடல்நலத்துக்கு அத்தகைய கோடு வகுக்கப்பட மேலும் நெடுங்காலஞ் சென்றது.

எழுதப்படாத செலவு

ஈயமும் அதன் சேர்வைகளும் உலையின் வெப்பத்தில் ஓரளவு ஆவியாகும். இவ்வாவியும் தூசியும் நட்டமென்பதைப் பழைய உருக்காளரும் அறிந்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் அலன்டேல் பள்ளத்தாக்கிலே, உலைப்புகையை மலைச்சரிவின்மீது மைற்கணக்கில் நீண்ட கல்வழிகளினூடே செலுத்தி, உச்சியிலுள்ள புகைபோக்கியால் வெளியேற்றினர். வழியிற் புகை ஆறிச் சுவரிற் படிந்த ஈயம் சுரண்டியெடுக்கப்பட்டு மீண்டும் உருக்கப்பட்டது. அயலாரின் நலமும் உருக்காளரின் இலாபமும் இவ்விடத்தில் ஒன்றாய் இசைந்தன. ஆயின், அவ்விசைவு ஓரெல்லைக்குட்பட்டது. மீட்கும் செலவு மீட்கப்படும் ஈயத்தின் விலையை எட்டியதும், எஞ்சிய புகை காற்றோடு போகவிடப்பட்டது. அதற்கப்பாலுள்ள இழப்பு ஆலையின் கணக்கேட்டில் இடம்பெறவில்லை. அயலிலுள்ளோர் உடலிற் பதிந்தது.

போட் பிரியில் 1925இல் ஈயநோய் பற்றி அரச விசாரணைக்குழு ஒன்று அமர்ந்தது. அக்காலத்தில் நோயெனக் கருதப்பட்டவை தொழிலாளரின் வயிற்றுவலி, கைத்தளர்ச்சி, இரத்தச்சோகை முதலிய வெளிப்படையான துன்பங்களே. 1979இல் அந்நகரிற் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து நோக்கும் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. அதன் முடிவுகள் 1988இலும் 1992இலும் வெளிவந்தன. நோய்க்குறி எதுவும் காட்டாத பிள்ளைகளிடத்தும், குருதியில் ஈயம் மிக மிக அறிவுத்திறன் குறைதலை அவை காட்டின. 100 மில்லிலீற்றர் குருதியில் 10 மைக்கிரோகிராமாக உள்ள ஈயம் 30ஆக உயரின், ஏழாவது வயதில் நுண்ணறிவு அளவை ஏறக்குறைய 4 தொடக்கம் 5 புள்ளி குறையும் என மதிப்பிடப்பட்டது. தந்தை உலையில் உழைத்த கூலியின் ஒரு பங்கை மகன் வகுப்பறையில் திருப்பிச் செலுத்தினான் என்றே இதனைக் கூறல் வேண்டும்.

1979இல் 205 மீற்றர் உயரமான புகைபோக்கி எழுப்பப்பட்டது. 1984தொட்டு வீடுகளையும் மண்ணையும் ஈயத்தூசியிலிருந்து தூய்மைப்படுத்தும் திட்டம் நடைபெற்றது. 2015இல் அவுஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஆராயப்படவேண்டிய குருதி ஈய அளவை 10 மைக்கிரோகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தது. 2010களின் பிற்பகுதியிற் பழைய வறுப்பு இயந்திரத்துக்கு மாற்றாகப் புதிய மூடிய உலை நிறுவப்பட்டது. அதில் மேலிருந்து உருகிய கசடுக்குள் அமிழ்த்தப்படும் ஈட்டிபோன்ற குழாய் வழியே காற்றும் ஒட்சிசனும் செலுத்தப்படும். வெளியேறும் கந்தகவீரொட்சைட்டும் சல்பூரிக்கமிலமாக மாற்றி விற்கப்படுகின்றது. இத்துணை செய்த பின்னரும், ஒரு நூற்றாண்டாக மண்ணிற் படிந்த ஈயம் எளிதில் நீங்குவதாயில்லை. அந்நகரப் பிள்ளைகள் பலரின் குருதியில் ஈயம் இன்னும் 5 மைக்கிரோகிராமுக்கு மேலேயே உள்ளது.

இற்றைநாட் கணக்கு

இன்று உலகில் தூய்மையாக்கப்படும் ஈயத்திற் பாதிக்கு மேற்பட்டது சுரங்கத்திலிருந்து வருவதன்று. பழைய மின்கலவடுக்குகளை உருக்கிப் பெறப்படுவதாகும். ஈயத்தின் பெரும்பயன் வாகன மின்கலவடுக்குகளே. அவை கழிந்தபின் ஈயம் ஏறக்குறைய முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஐக்கிய அமெரிக்காவில் சுரங்கத்தாதை உருக்கிய இறுதி ஆலை 2013இன் முடிவில் மூடப்பட்டது. போட் பிரியும் இந்நெருக்குதலுக்கு விலக்கன்று. சீன உருக்காலைகளின் போட்டியைத் தாங்கவியலாத நிலையில், 2025இல் அவுஸ்திரேலிய அரசுகள் அதற்கும் ஹோபாட் நாக ஆலைக்குமாக 135 மில்லியன் டொலர் உதவி வழங்கின. அவ்வுதவிக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று, போட் பிரியில் ஈயத்தோடு வரும் அந்திமனியைப் பிரித்தெடுக்கலாம் என்பதாகும். சுத்திகரிப்பிற் கழிக்கப்படும் அழுக்கே மீண்டும் ஆலையின் நம்பிக்கையாயிற்று.

பழைய ஈயத்தை உருக்குதல் தாதை உருக்குவதினும் எளிது. அவ்வெளிமையே அதன் கொடுமையுமாகும். 327 பாகை வெப்பம் எவர் வீட்டுக் கொல்லையிலும் கிடைக்கும். செனகல் நாட்டின் டாக்கர் நகரையடுத்த தியாரோய் என்னும் ஊரில், பழைய மின்கலவடுக்குகளை உடைத்து ஈயம் பிரித்தெடுத்தமையால், 2007-08இற் சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் இறந்தனர். பெரிய ஆலையின் ஈயம் மலிவாயிருத்தற்குப் பேரளவு உற்பத்தி காரணம். கொல்லைப்புறத்து ஈயம் மலிவாயிருத்தற்கோ, புகைவடியும் காப்புடையும் நல்ல நீருமின்றி வேலை நடப்பதே காரணம்.

ஐந்தொகையின் இருபுறமும் சமமாதல் வேண்டுமென்பது கணக்கியலின் முதல் விதி. ஈயத்தாதின் ஐந்தொகையிலே வெள்ளி ஒரு காலத்திலும், நாகம் மற்றொரு காலத்திலும், கந்தகமும் அந்திமனியும் பிறிதொரு காலத்திலும் வரவாக எழுதப்பட்டன. அவற்றை எழுதுவித்தது பற்றின்சனின் அகப்பையும் பொற்றரின் நுரையும் போன்ற அறிவே. செலவுப் பக்கத்தில் நெடுநாள் வெறுமையாய்க் கிடந்த வரியொன்றைப் போட் பிரிக் குழந்தைகளின் குருதியை அளந்தறிந்த அறிவு எழுதிற்று. எழுதப்படாத செலவு இல்லாத செலவாகிவிடாது. அதனைக் கணக்கேட்டிற் காணாதவிடத்து, அது யார் உடலில் எழுதப்பட்டிருக்கின்றது என்று தேடுதல் கற்றோர் கடனாகும்.